உரலில் தொடங்கும் சமையல் வகுப்பு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

சிறுதானியச் சமையல் வகுப்புக்கு அடுப்பை எங்கே மூட்டுவது என்று பேசியே ஒரு வாரம் போய்விட்டது. ஊர்ச் சாவடியில் பெண்கள் உட்காரும் பழக்கம் இல்லை. கோயில் மண்டபம் என்றால் காலனிப் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். கடைசியில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மகளிர் குழுக் கட்டடம் என்று முடிவானது. தவணை கட்ட எல்லாத் தெருப் பெண்களும் அங்கே வந்து போகிறவர்கள்தான். ஒரே பானையில் ஆக்கி, ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். அதற்கு ஒத்துவராத இடத்தில் சமையல் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

முதலில் குதிரைவாலி. மதுரை மாவட்டத்துப் பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைகிற தானியம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தையில் கதிர் வீட்டுக்கு வந்துவிடும். இப்போது களத்தில் குவிந்து கிடக்கிறது. ஆனால் விளைவித்த வீட்டில் கொதிப்பது ரேஷன் அரிசி.

ஜனவரி 26, ஞாயிறு

கிராம சபை நாள் என்பதால் வகுப்பு இல்லை. குழுப் பெண்கள் சேர்ந்து போய், ஊருக்குப் பொதுவாக உமி நீக்கும் மெஷின் ஒன்று வேண்டும் என்று கேட்டோம். தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

ஜனவரி 30, வியாழன்

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா மறைந்த நாள், 1960. காந்தி சுடப்பட்ட அதே தேதி. கடைசி ஆண்டுகளில் அவர் வாழ்ந்தது இங்கே, கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். விளைகிற இடத்திலேயே தானியத்தைப் பக்குவப்படுத்தினால்தான் சத்தும் வேலையும் ஊரில் தங்கும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். அரிசியைத் தீட்டித் தவிட்டை எடுப்பதை அவர் அவ்வளவு எதிர்த்தது ஏன் என்று, குதிரைவாலிச் சாக்குகள் லாரியில் ஏறுவதைப் பார்க்கிறவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உமியோடு போவது அரிசியாகி, பாக்கெட்டில் ஏறி மதுரைக் கடைக்கு வரும்போது விலை எங்கேயோ போய்விடுகிறது. இதைப் பிள்ளைகளிடம் அடுப்படியில் வைத்தே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சட்டி பானைக்கு வேலையே இல்லை. முழுக்க உரலும் உலக்கையும், சொளகு என்கிற முறமும்தான். கடையில் வாங்கின குதிரைவாலி அரிசியை வைத்து வகுப்பைத் தொடங்கலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. ருசி பிடிக்காமல் யாரும் குதிரைவாலியை விட்டுவிடவில்லை. குத்தி மாளாமல்தான் விட்டார்கள். மணி சிறியது, உமி இறுகப் பிடித்திருக்கும். குத்தணும், புடைக்கணும், உமி போகாததைப் பிரித்து மறுபடி குத்தணும். இத்தனையும் பெண்கள் தலையில். அரைமணி நேரம் உலக்கை பிடித்தால் அந்தக் கஷ்டம் புரியும். ஆண்பிள்ளைகளுக்கும் அது புரிய வேண்டும் என்பதற்காகவே அவர்கள் கையிலும் உலக்கையைக் கொடுத்தேன்.

காலனியிலிருந்து வந்த அப்பத்தாதான் இன்றைக்கு வாத்தியார். எண்பதைத் தாண்டிய வயது. "தாயி, வெயில்ல நல்லாக் காயப் போடு. பல்லுல வச்சா படக்குன்னு உடையணும். ஈரம் இருந்தா குருணையாத்தான் போகும்" என்றார். அவர் சொளகைத் தட்டின தட்டுக்கு உமி ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமுமாகப் பிரிந்து விழுந்தன. மேலத்தெரு மதினி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடுங்கத்தா" என்று சொளகை வாங்கிக்கொண்டார். இந்த ஊரில் அவர்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று சமையல். பள்ளியில் காலை உணவு சமைக்கும் அக்கா முன்னின்று நடத்தினார். அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில்தான் தொடங்கியது. மகளிர் குழுவினரே சமைக்கிறார்கள். பெரிய பானைக்கு அளவு சொல்ல இவரை விட்டால் ஊரில் வேறு ஆள் யார்?

குதிரைவாலியை அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு என்று தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். ஆறினால் விறைத்துக்கொள்ளும், அதனால் சூட்டோடு பரிமாறணும். மிஞ்சினால் மோர் ஊற்றிக் கரைத்துவிடலாம். தொட்டுக்கொள்ளப் பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. தை, மாசியில் கிடைக்கிற மொச்சைக்கு ஈடு கிடையாது.

முப்பது பேருக்கு மேல் சாப்பிட்டோம். மூன்று வீட்டார் மட்டும் பந்தியில் உட்காராமல் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனார்கள். வருத்தம்தான். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்களை வீடு தேடிப் போய்க் கூப்பிடத்தான் போகிறேன்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. ஊரே குலதெய்வக் கோயில்களுக்குக் கிளம்பிவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பையன், எல்லோருமாகச் சேர்ந்து குத்திய அரிசியில் ஒரு படி கிடைக்குமா என்று கேட்டான். கொடுத்தோம்.

மார்ச் 2, ஞாயிறு

தூக்குவாளிக்காரர்களில் ஒருவர் இன்று இலை போட்டு உட்கார்ந்தார். யாரும் அதைப் பேச்சாக்கவில்லை, குழம்பை மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினோம்.

சாப்பிட்ட பிறகு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். விளைச்சலில் வீட்டுக்கு ஒரு மூட்டையை உமியோடு நிறுத்தி வைப்பது, வியாபாரிக்குப் போடுவதில்லை. உமியோடு இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. உமி நீக்கிவிட்டால் தவிட்டிலுள்ள எண்ணெய் காறிப்போகும், அதனால் வேண்டும்போது வேண்டிய அளவு குத்திக்கொள்ளலாம். அடுத்த விதைப்புக்கான விதை தனியாகக் குழுக் கட்டடத்தில் இருக்கும், பொறுப்பு காலனி அப்பத்தாவுக்கும் மேலத்தெரு மதினிக்கும். மெஷின் பற்றி அடுத்த கிராம சபையிலும் கேட்போம்.

வரும் வாரம் கம்பங்கூழ். கம்பு மாவு நாலு நாள் இருந்தாலே கசந்துவிடும், அதனால் அரைத்த மாவு யாரும் வாங்கி வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீர் தெளித்து அங்கேயே இடிக்கிறோம். இன்னும் இரண்டு உலக்கை வேண்டும், பரணில் கிடந்தால் எடுத்து வாருங்கள்.