அசதிக்குப் பின்னால் தைராய்டு

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்தவர்கள் பரிசோதனைக்கு வரும் ஓபியில் செவிலியராக இருக்கிறேன். ‘அசதியா இருக்கு சிஸ்டர்’ என்பதை இங்கே வணக்கம் போலச் சொல்வார்கள். கீமோ, கதிர்வீச்சு, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு என்று எல்லாம் பட்ட உடம்பு, அசதி வராமல் என்ன செய்யும்? எடை கூடினால் ஸ்டீராய்டு மேல் பழி. தோல் வறண்டால் ஜிவிஎச்டியாக, அதாவது தானமாக வந்த செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் நோயாக, இருக்குமோ என்ற பயம். எல்லாத் தொந்தரவுக்கும் ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக இருப்பதால் தைராய்டு பக்கம் யோசனை போவதே இல்லை.

அது கெடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாற்றுக்கு முன் தரும் முழு உடல் கதிர்வீச்சை வழக்கமாக 12 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில், பல தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நுரையீரலை ஓரளவு மறைப்பதுண்டு. தைராய்டுக்குப் பெரும்பாலும் அந்தச் சலுகை கிடையாது. கதிர்வீச்சே வாங்காமல் புசல்ஃபான் போன்ற கீமோ மருந்து மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கும் பிரச்சினை வருகிறது. பாதிப்பு தெரியச் சில வருடங்கள்கூட ஆகலாம். அதற்குள் ‘நமக்குத்தான் சரியாகிவிட்டதே’ என்று பலர் வருவதையே குறைத்துவிடுவார்கள்.

சின்ன வயதில் மாற்று செய்துகொண்ட பையன் ஒருவனின் அம்மா, “போன வருஷ பேன்ட்டே இன்னும் சரியா இருக்கு சிஸ்டர், காசு மிச்சம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபைலில் உயரக் கோடு ஏறாமல் படுத்திருந்தது. வளர்ச்சி ஹார்மோனும் குறைந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் முதலில் வந்த டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) முடிவே எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் குறைவு; அதாவது தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை. (டிஎஸ்எச் லேசாக ஏறி டி4 சரியாக இருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் அவசரப்படாமல் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.) கழுத்தையும் தடவிப் பார்த்தார்கள், கட்டி இல்லை. கதிர்வீச்சு வாங்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அதை விடக் கூடாது.

மாத்திரை எழுதுவது சுலபம், சாப்பிட வைப்பதுதான் எங்கள் வேலை. காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அப்புறம் அரை மணி நேரமாவது பாலும் டிபனும் கிடையாது. அந்தப் பையன் கால்சியம் மாத்திரையையும் காலையில்தான் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டும் சேர்ந்தால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை ராத்திரி சாப்பாட்டுக்குத் தள்ளி, பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறோம்.