பனிக்கு ஒரு மண்வெட்டி, கோழிக்கு ஒரு கதை

"நான் ரைட் பிரெய்ன் ஆளு, கணக்கு வராது"ன்னு யாராவது சொன்னா எனக்கு மூளை விஞ்ஞானி கஸானிகாவோட கோழிக்கால் சோதனைதான் ஞாபகம் வரும்.

1970கள். வலிப்புக்காக மூளையின் ரெண்டு பாதியையும் இணைக்கிற நரம்புக்கற்றையை வெட்டின ஒருத்தர். இடப்பாதிக்கு மட்டும் கோழிக்கால் படம், வலப்பாதிக்கு மட்டும் பனிக்காட்சி. முன்னால இருந்த படங்கள்ல பொருத்தமானதைத் தொடச் சொன்னா, இடப்பாதி இயக்குற வலக்கை கோழியைத் தொட்டுச்சு, வலப்பாதி இயக்குற இடக்கை மண்வெட்டியை. பனி அள்ளத்தானே!

ஏன் மண்வெட்டின்னு கேட்டாங்க. பதில் சொல்ற இடப்பாதி பனியைப் பார்க்கவே இல்ல. "தெரியலை"ன்னு விட்டிருக்கலாம். "கோழிக்கூண்டைச் சுத்தம் பண்ணணுமே"ன்னாராம், அசராம!

பேச்சு பெரும்பாலானோருக்கு இடப்பக்கம், அது நிஜம். கவிதை வலம், கணக்கு இடம்னு ஆளையே பிரிக்கிறது வெறும் கதை. வெட்டாத மூளையில ரெண்டும் விடாம பேசிக்கிட்டேதான் இருக்கும்.