எழுத்தில் 131, வைவாவில் வாய் திறக்கவில்லை: அனாடமி சப்ளி எழுதி மீண்ட கதை

எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டு சப்ளிமெண்டரி (தவறியவர்களுக்கான மறுதேர்வு) முடிவு நேற்று சாயங்காலம் வந்தது. அனாடமி (உடற்கூறியல்) பாஸ். செய்முறையில் 63. என் பேட்ச்சோடேயே இரண்டாம் ஆண்டுக்குப் போகிறேன்.

மெயின் தேர்வில் இதே செய்முறையில் நான் எடுத்தது 100-க்கு 36. எழுத்துத் தேர்வில் இரண்டு தாளும் சேர்த்து 200-க்கு 131. அந்த 131 என்னைக் காப்பாற்றவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்ற பாடங்களான பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி இரண்டும் முதல் தடவையே வந்துவிட்டன. அவற்றை எப்படிப் படிப்பது என்று என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது வைவா (தேர்வாளர் முன் வாயால் பதில் சொல்லும் தேர்வு) பற்றியும், யாரும் படித்துப் பார்க்காத விதிமுறை பற்றியும் மட்டும்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. 2020-இல் அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் நான் இந்த வெள்ளைக் கோட்டைப் போட்டிருக்க மாட்டேன். கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதனால் இந்த இடத்தை இழந்துவிடுவேனோ என்ற பயம் எனக்குக் கொஞ்சம் அதிகம். அந்தப் பயத்தில் முதல் நாளிலிருந்தே எழுதி எழுதிப் படித்தேன். ஆறு நோட்டு. கலர் பென்சிலில் படங்கள். இரவு ஒரு மணி வரை ரீடிங் ரூமில் இருப்பேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் ஒரு பதிலைக்கூட முழுதாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

டிஸெக்ஷன் ஹாலில் (உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) நடக்கும் டிஸ்கஷனில் பின்வரிசையில் நிற்பேன். என் டேபிளில் பேசுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். கேள்வி அவர்களோடு நின்றுவிடும். பதில் எனக்குள்ளே சரியாக ஓடும், அதனால் தெரியும் என்றே நினைத்துக்கொண்டேன்.

இன்டர்னல்ஸில் (கல்லூரியே வைக்கும் தேர்வுகளில்) இது தெரிந்திருக்க வேண்டும். செய்முறையில் 42 சதவீதம்தான் வந்தது. இன்டர்னலுக்கு எழுத்தும் செய்முறையும் சேர்த்து 50 சதவீதம், தனித்தனியாக 40-க்குக் குறையாமல் இருந்தால் போதும். என் எழுத்து மதிப்பெண் மொத்தத்தைத் தூக்கிவிட்டது. '40 தாண்டியாச்சே' என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். நான் செய்த பெரிய தவறு இதுதான். அந்த 42 ஒரு எச்சரிக்கை. அதை நான் தேர்ச்சி என்று படித்தேன்.

யுனிவர்சிட்டி தேர்வில் எழுத்துக்குத் தனியாக, செய்முறைக்குத் தனியாக ஒரு குறைந்தபட்சம் உண்டு. வைவா மதிப்பெண் செய்முறைக் கணக்கில்தான் சேரும். இன்டர்னல் மதிப்பெண்ணும் இதோடு சேராது, மார்க் ஷீட்டில் தனியாக நிற்கும். ஆகவே எழுத்தில் மலையாகக் குவித்தாலும் செய்முறைப் பள்ளத்துக்கு ஒரு கூடை மண்கூடப் போகாது.

அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்பாட்டர்ஸ் (வைத்திருக்கும் மாதிரிகளை அடையாளம் காண்பது) பரவாயில்லை. ஹிஸ்டாலஜி (திசுவியல்) ஸ்லைடு இரண்டும் கண்டுபிடித்தேன். அப்புறம் ஆஸ்டியாலஜி (எலும்பியல்) டேபிள். எக்ஸ்டர்னல் சார் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) தட்டிலிருந்து ஓர் எலும்பை எடுத்துக் கையில் கொடுத்தார். ஹியூமரஸ் (மேல்கை எலும்பு). பெயர் சொல்லிவிட்டேன். "சைடு?" என்றார். வலதா இடதா என்று.

தெரியும். தலை உள்பக்கமாக மேல்நோக்கி இருக்க வேண்டும், ஒலிக்ரனான் ஃபாஸா என்ற குழி பின்னால் வர வேண்டும். கை தானாகத் திருப்பிப் பிடித்தது. மனதில் தமிழ் வாக்கியம் முழுசாக நின்றது. அதை ஆங்கிலத்தில் எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தபோது நேரம் போய்க்கொண்டே இருந்தது. "ரைட்" என்று மட்டும் சொன்னேன். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். பேச்சு வரவில்லை. எலும்பின் பின்பக்கத்தில் சுற்றிப் போகும் பள்ளத்தின் மேல் பேனா நுனியை வைத்து, இங்கே போகும் நரம்பு எது என்று கேட்டார். ரேடியல் நரம்பு. அதை எழுத்துத் தேர்வில் படம் போட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பேனா நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கை வேர்வையில் எலும்பு வழுக்கியது.

அவர் கோபப்படவில்லை. காத்திருந்தார். பிறகு எலும்பை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். எழுத்துத் தாளில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. என் வாயிலிருந்து என்ன வந்ததோ அதற்குத்தான் மதிப்பெண் போட முடியும். இதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல நாள் ஆயிற்று. தமிழ் வழியில் வந்தவர்களுக்கு சேர்ந்ததும் நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் ஆங்கில வகுப்பு வைக்கிறார்கள். ஆனால் அங்கே இலக்கணமும் கடிதமும்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கையில் எலும்பைக் கொடுத்து ஒரு தடவையாவது பேச வைத்திருந்தால் இத்தனை பேர் டேபிள் முன்னால் ஊமையாக நிற்க மாட்டார்கள். இந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சப்ளிக்கு எனக்குக் கிடைத்தது ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் அதிகம். முதல் வாரம் அழுகையிலும், மறுபடி நோட்டு எழுதுவதிலும் போனது. ஆமாம், மறுபடியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஹாஸ்டலில் மூன்றாம் வருஷ அக்கா ஒருவர் வந்து நோட்டை மூடி வைத்துவிட்டு, தன் எலும்புப் பெட்டியைக் கட்டில் மேல் கொட்டினார். "எழுதாத. எடுத்துப் பேசு" என்றார்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எலும்புக்கும் ஐந்து வாக்கியம், கையில் பிடித்தபடி, உரக்க, ஆங்கிலத்தில்:

1. இது என்ன.
2. எந்தப் பக்கம், எதை வைத்துச் சொல்கிறேன்.
3. உடம்பில் எப்படி நிற்கும். அப்படியே பிடித்துக் காட்ட வேண்டும்.
4. எது ஒட்டியிருக்கிறது, எது உரசிக்கொண்டு போகிறது.
5. அங்கே உடைந்தால் நோயாளிக்கு என்ன ஆகும்.

ஹியூமரஸுக்கு நாலாவதும் ஐந்தாவதும் எனக்கு இப்படி வரும். சர்ஜிக்கல் நெக்கில் (தலைக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதி) ஆக்ஸிலரி நரம்பு; போனால் டெல்டாய்டு (தோள் தசை) சோரும், கையைப் பக்கவாட்டில் தூக்குவது கஷ்டம். நடுத்தண்டின் பின்பக்கப் பள்ளத்தில் ரேடியல் நரம்பும் புரொஃபண்டா பிரேக்கை தமனியும். உடைந்தால் ரிஸ்ட் டிராப், மணிக்கட்டு தொங்கிவிடும். மீடியல் எபிகாண்டைலுக்கு (முழங்கையின் உள்பக்க முனை) பின்னால் அல்னார் நரம்பு. அடிபட்டால் க்ளா ஹேண்ட், விரல்கள் நகம்போல் மடங்கிவிடும். மூன்று இடம், மூன்று நரம்பு, மூன்று கை. இதை நான் நூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். முதல் பத்துத் தடவை நாக்கு புரளவில்லை. இருபதுக்கு மேல் சொற்கள் தாமாக வரிசையில் வந்து நின்றன.

மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. உதடு அசைய வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். நான் ஃபோனில் பதிவு செய்து கேட்டேன். எங்கே தடுக்கிறேன் என்பது பதிவில் அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லா இடத்திலும் தடுக்கியது 'ஏன்' என்ற கேள்விக்குப் பிறகுதான். ஆகவே 'பிகாஸ்' என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்துப் பழகினேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து ரூம்மேட் கேள்வி கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, துணி காயப்போடும்போது, சொல்லாமல் கொள்ளாமல் கேட்பாள். "கிளாவிக்கிள் எங்கே உடையும்?" காரை எலும்பில், உள்பக்க மூன்றில் இரண்டு பாகமும் வெளிப்பக்க மூன்றில் ஒரு பாகமும் சேரும் இடம். கையில் வாளியோடு ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். அசந்திருக்கும் நேரத்தில் வரும் பதில்தான் டேபிளிலும் வரும்.

டேபிளில் உதவிய சில:

கேள்வி புரியாவிட்டால் "சார், ப்ளீஸ் ரிப்பீட்" என்று கேட்கலாம். யாரும் மார்க் குறைக்கவில்லை.

முழுப் பதில் தெரியாவிட்டாலும் தெரிந்த முதல் துண்டைச் சொல்லுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர்களே அடுத்த படிக்கு இழுத்துப் போகிறார்கள். மௌனத்தைப் பிடித்து இழுக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

எலும்பைக் கொடுத்ததும், கேட்கும் வரை காத்திருக்காமல் ஐந்து வாக்கியத்தையும் தொடங்கிவிடுங்கள். சப்ளியில் எனக்கு வந்தது ஃபீமர் (தொடை எலும்பு). "தலை உள்நோக்கி, லீனியா ஆஸ்பெரா பின்னால், ஆகவே இடது" என்று நானே தொடங்கினேன். எக்ஸ்டர்னல் மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் இரண்டே கேள்விதான்.

ஹிஸ்டாலஜிக்கு ஒரு ஸ்லைடுக்கு இரண்டு அடையாளம் போதும். அதையும் சொல்லிப் பழகுங்கள்.

இயல்பாகவே பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாமல் போகலாம். என் பேட்ச்சில் செய்முறையில் 70 வாங்கி எழுத்தில் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என் ஆறு நோட்டு வழியைப் பிடிப்பது நல்லது. நான் கூச்சமுள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

இனி விதிமுறை. முதல் வாரமே படித்திருக்க வேண்டியவை:

வருகை, எழுத்து வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80. பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். டிஸெக்ஷன் ஹாலில் விட்ட நாளை லெக்சர் ஹாலில் ஈடுகட்ட முடியாது. மாதக் கடைசியில் உங்கள் கணக்கை டிபார்ட்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

லாக் புக் (செய்த பயிற்சிகளைப் பதியும் ஏடு) கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். கடைசி வாரத்தில் மொத்த பேட்ச்சும் ஒரே வாசலில் நிற்கும்.

முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு மொத்தம் 4 முயற்சிதான். சப்ளியும் அதில் ஒன்று. சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். முதலாம் ஆண்டைத் தாண்டாமல் இரண்டாம் கட்டத்துக்குப் போக முடியாது.

மெயின் முடிவு வந்த 3 முதல் 6 வாரத்துக்குள் சப்ளியை நடத்தி முடிவும் சொல்லிவிட வேண்டும் என்பது 2023-இல் வந்த விதி. அதில் தேறினால் சொந்த பேட்ச்சோடு சேர்ந்துவிடலாம். தவறினால் ஜூனியர்களோடுதான். ஆகவே அந்தச் சில வாரம் ஒரு வருஷத்துக்குச் சமம். முடிவு வந்த அன்றே தொடங்குங்கள். நான் வீணடித்த அந்த முதல் வாரத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

செய்முறையில் மட்டும் போனாலும் எழுத்துத் தாளையும் நான் மறுபடி எழுதினேன். அதற்கும் நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

தேர்ச்சி அளவை சீனியர் சொன்னார் என்று நம்பாதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் காலத்து விதியைச் சொல்கிறார்கள். 2019-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் பழைய மெடிக்கல் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023 செப்டம்பரில் இரண்டு தாள் உள்ள பாடங்களுக்குத் தேர்ச்சி அளவை 40 சதவீதமாகக் குறைத்தார்கள், அக்டோபரிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தச் சில நாளில் பரவிய வாட்ஸாப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் வந்தது, நானும் நம்பினேன். உங்கள் பேட்ச்சுக்கு எந்த விதி என்று ஆணையத்தின் அறிவிப்பிலும், கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விதிமுறையிலும் நீங்களே பாருங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து படியுங்கள்.

அப்புறம், வீடு. ஃபெயில் ஆனதை ஒன்பது நாள் நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மா தினமும் ஃபோனில் ரிசல்ட் வந்ததா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். ஊரில் எங்கள் தெருவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போனது நான் ஒருத்திதான், எப்படிச் சொல்வது? அந்த ஒன்பது நாளும் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. பத்தாம் நாள் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மறுபடி பரீட்சை எப்ப வைப்பாங்க, கண்ணு?" என்று மட்டும் கேட்டார். தேதியைச் சொன்னேன். காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லி அப்பாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. அன்றைக்கு ராத்திரிதான் அக்காவின் பெட்டியிலிருந்து ஹியூமரஸை எடுத்து முதல் வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னேன்.