ரெம்பிராண்டின் மாணவர்கள் வரைந்த முகங்கள்: நாணல் பேனாவில் என் பயிற்சி

மை ஒருவழியாகப் பதத்துக்கு வந்துவிட்டது. நாட்டு மருந்துக் கடை மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டி, அன்னபேதியும் (இரும்பு உப்பு) கருவேலம் பிசினும் கரைத்தேன். மூன்று பங்கு காய்க்கு இரண்டு பங்கு அன்னபேதி, ஒரு பங்கு பிசின். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் புழங்கிய மைகளில் இதுவும் ஒன்று. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கருக்கும். காலப்போக்கில் பழுப்பாகிவிடும் என்பதால்தான் அந்தக் காலத்துக் கோடுகள் பல இன்று அந்த நிறத்தில் இருக்கின்றன.

ரெம்பிராண்டை விட்டு அவர் மாணவர்களைப் பார்த்து வரையத் தொடங்கியதிலிருந்துதான் என் கை தெளிந்திருக்கிறது. குருவின் கோட்டில் முடிவு மட்டும் தெரியும். அதை எப்படி எட்டினார் என்பது பிடிபடாது. ஃபெர்டினாண்ட் போல் (Bol), கோவர்ட் ஃப்ளிங்க் முதலிய மாணவர்களிடம் தேடல் அப்படியே தாளில் கிடக்கிறது. ஒரு தாடைக்கு நாலைந்து கோடு போட்டுப் பார்த்திருப்பார்கள். குரு வெளிச்சம் விழும் கன்னத்தை வரையாமலே விட்டுவிடுவார், மாணவர் அதையும் சுற்றி வளைத்து மூடுவார். இதைக் கண்ணால் பார்த்தபோது புரிந்ததைவிட, பேனா பிடித்து நகலெடுத்தபோதுதான் நன்றாகப் புரிந்தது.

ஆண்டுக்கு 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கட்டணம் கொடுத்துக் கற்றவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான கான்ஸ்டன்டைன் வான் ரெனெஸ்ஸெயின் கோட்டோவியம் ஒன்றில் குருவே தடித்த கோடுகளால் திருத்தியிருக்கிறார், பெர்லினில் இருக்கிறது. ஒரு வகுப்பறையே அந்தத் தாளில் தெரிகிறது! குருவுடையவை என்று நெடுநாள் நம்பிய பல கோட்டோவியங்களை ஆய்வாளர்கள் இப்போது மாணவர் கணக்கில் சேர்க்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது அந்த மாணவர்களுக்குக் கிடைத்த பெருமை.

முகபாவத்துக்குக் கண்ணாடிதான் துணை. இன்னொரு மாணவரான சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் 1678இல் வெளியிட்ட ஓவிய நூலில் சொல்லும் வழி இது: நடிப்பவரும் பார்ப்பவரும் நீங்களேயாக இருங்கள் என்கிறார். புருவத்தைச் சுருக்கினால் மூக்கின் வேரில் விழும் மடிப்பைப் புகைப்படத்தில் தேடியும் நான் கண்டதில்லை. கண்ணாடியில் உடனே கிடைத்தது.

நாணலின் நுனியை அகலமாகச் சீவினால் தோள், தொப்பிக்கு நல்லது. கண்ணிமைக்கு இறகுப் பேனாதான். நிழலுக்கு, நீர் கலந்த மையைத் தூரிகையால் ஒரே இழுப்பில் தடவ வேண்டும். மறுபடி தொட்டால் கலங்கிவிடுகிறது. கன்னத்து நிழல் எனக்கு இன்னும் கனமாகவே விழுகிறது. அடுத்து, அதே குருவின் மாணவர் நிக்கோலஸ் மாஸ் பயன்படுத்திய செங்காவிக் கட்டியில் அதே கன்னத்தை வரைந்து பார்க்கப் போகிறேன்.