பிரிடின் ஐஆர்: நிறமாலை எடுக்கும் முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள்

திண்ம ஆக்சைடு வினையூக்கியின் அமிலத்தன்மையை அளக்க வேண்டும் என்றதும், எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவரும் பிஎச்.டி. முதலாண்டில் இருப்பவரும் போய் நிற்கும் இடம் பிரிடின் என்ற கரிமக் காரத்தின் ஆவியை மேற்பரப்பில் ஏற்றி எடுக்கும் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) தான். 1545 செ.மீ⁻¹-இல் (இங்குள்ள பட்டை எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்) பீக் வந்தால் பிரான்ஸ்டெட், அதாவது புரோட்டான் தரும் அமில மையம், 1450-இல் வந்தால் லூயிஸ், அதாவது எலக்ட்ரான் இணையை ஏற்கும் மையம் என்று ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை நிறமாலையைப் படிப்பதில் நேர்வதில்லை. தூளை வில்லையாக அழுத்தும்போதும், அதை வெற்றிடத்தில் சூடாக்கும்போதும்தான் நேர்கின்றன. ஆகவே அந்த இரண்டுக்கும் இங்கே அதிக இடம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஊடுருவல் முறையில் எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலை மேற்பரப்பை மட்டும் பார்க்கும் முறை அன்று. கதிர் வில்லையின் உள்ளும் புறமும் கடந்து போகிறது. மேற்பரப்பு தெரிவதற்குக் காரணம் பொருளின் மிகப் பெரிய பரப்பளவும், அதில் நாம் ஏற்றும் மூலக்கூறும்தான். கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்புள்ள காமா அலுமினாவை ஒரு சதுர செ.மீ.க்கு 11 மி.கி. வீதம் அழுத்தினால், ஒரு சதுர செ.மீ. அகலமுள்ள கதிர் ஏறத்தாழ 2.2 சதுர மீட்டர் மேற்பரப்பைச் சந்திக்கிறது. அதே முறையை கிராமுக்கு 1 சதுர மீட்டர் மட்டுமே உள்ள ஆக்சைடில் செய்தால் சைகை இருநூறில் ஒரு பங்காகிவிடும். உங்கள் மாதிரியின் பரப்பளவைத் தெரிந்துகொள்ளாமல் பிரிடினைத் தொடாதீர்கள். "ஐஆர் மேற்பரப்பு முறையா?" என்ற வைவா கேள்விக்கும் இந்தக் கணக்கே பதில்.

இனி வில்லை. சாதாரண ஐஆர் போலப் பொட்டாசியம் புரோமைடில் கலந்து அழுத்தக் கூடாது. அது ஈரம் உறிஞ்சும். அதைவிட மோசமாக, அமில ஹைட்ராக்சிலின் புரோட்டானைப் பொட்டாசியம் அயனி இடம்பெயர்த்துவிடும். நீங்கள் அளக்க வந்த மையத்தையே நீங்கள் அழித்தது போலாகும். எதுவும் கலக்காமல் தூளை மட்டும் அழுத்த வேண்டும். 13 மி.மீ. டை (அழுத்தும் அச்சு) என்றால் 12 முதல் 18 மி.கி. போதும். அகேட் கல்வத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் நன்றாக அரையுங்கள். துகள் பெரிதாக இருந்தால் 4000 பக்கம் ஒளி சிதறி பேஸ்லைன் சரிந்து நிற்கும், ஹைட்ராக்சில் பகுதி இரைச்சலில் மூழ்கும். அழுத்தம் ஒரு டன் அளவில் தொடங்கி, வில்லை உடைந்தால் மட்டும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அழுத்தம் மிஞ்சினால் துகள்களுக்கு இடையிலான இடைவெளி மூடி, பிரிடின் உள்ளே போகவும் வெளியே வரவும் நேரமெடுக்கும். சில மாதிரிகளில் நுண்துளையே நசுங்கும்.

வில்லை தடிமனானால் சைகை பெருகும் என்று நினைத்து 30 மி.கி. போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஹைட்ராக்சில் பட்டை உட்கவர் அளவு 1.5-ஐத் தாண்டிய பிறகு டிடெக்டர் தரும் எண்ணை நம்ப முடியாது. சிலிக்கா உள்ள மாதிரிகளில் 1300-க்குக் கீழே சட்டகத்தின் அதிர்வு எப்படியும் எல்லாவற்றையும் மறைக்கும். தடிமன் கூடினால் அந்த மறைப்பு இன்னும் மேலே ஏறும். மாறாக, மிக மெல்லிய வழவழப்பான வில்லையில் பேஸ்லைன் அலை அலையாக வரும். அது பீக் அன்று, இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் குறுக்கீடு. டையின் முகத்தில் மெல்லிய தாள் வைத்து அழுத்தினால் அது மறையும்.

வில்லையை வெட்டியவுடன் எடை போட்டு எழுதிக்கொள்வீர்கள். அந்த எடையில் தண்ணீரும் இருக்கிறது. சியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட்) அது பத்து சதவீதத்தைத் தொடலாம். டிஜிஏ (சூடாக்கும்போது எடை குறைவதை அளக்கும் முறை) ஒன்று எடுத்து உலர் எடையைக் கணக்கிட்டு அதையே பயன்படுத்துங்கள். இதை விட்டுவிட்டு, கடைசி விடையில் மூன்று தசம இலக்கம் எழுதுவதில் பொருளில்லை.

அடுத்து சூடாக்குதல். அறையில் கிடந்த எந்த ஆக்சைடின் மேலும் தண்ணீரும் கார்பனேட்டும் படிந்திருக்கும். அலுமினா, மக்னீசியா, சீரியா ஆகியவற்றில் 1300 முதல் 1700 வரை கார்பனேட் பட்டைகள் பரந்து கிடக்கும். பிரிடினின் பட்டைகளும் அதே இடத்தில்தான். நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி வீதம் ஏற்றி, 450 டிகிரி செல்சியஸில் குறைந்தது இரண்டு மணி நேரம், பத்தாயிரத்தில் ஒரு பங்கு மில்லிபாருக்கும் கீழான வெற்றிடத்தில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாகச் சூடாக்கினால் வெளியேறும் தண்ணீரே நீராவியாகி சியோலைட் சட்டகத்திலிருந்து அலுமினியத்தை வெளியே தள்ளும். பிறகு நீங்கள் காணும் லூயிஸ் மையங்களில் ஒரு பகுதி உங்கள் செல்லில் (வில்லையை வைத்துச் சூடாக்கும் கலத்தில்) உருவானதாக இருக்கும். 3660–3670 அருகே ஒரு தோள் வளர்ந்தால் சட்டகத்துக்கு வெளியே போன அலுமினியம் என்று சந்தேகப்படுங்கள்.

ஒடுங்கக்கூடிய ஆக்சைடுகளுக்கு வெற்றிடம் மட்டும் போதாது. டைட்டானியாவை வெற்றிடத்தில் சூடாக்கினால் ஆக்சிஜனை இழந்து சாம்பல் நீலமாகும்; விடுபட்ட எலக்ட்ரான்கள் அகச்சிவப்பை விழுங்கி, வில்லை வழியே ஒளி வருவதே குறைந்துவிடும். சீரியா ஒடுங்கினால் 2120 அருகே ஒரு பட்டை எழும். அது மூன்று மின்சுமை சீரியத்தின் எலக்ட்ரான் தாவல், ஏதோ மூலக்கூறின் பட்டை என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உலர்ந்த ஆக்சிஜனில் 400–450 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, அதன்பின் பம்ப் செய்யுங்கள்.

சூடாக்கி முடித்த வில்லையின் நிறமாலையைக் கவனமாகப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. எச்-இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட் என்றால் 3745-இல் சிலனால் (சிலிக்கானோடு மட்டும் பிணைந்த ஹைட்ராக்சில்), 3610 அருகே சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் பாலமான ஹைட்ராக்சில். காமா அலுமினாவில் 3800-இலிருந்து 3550 வரை பல பட்டைகள் நெருங்கி வரும். ஒவ்வொன்றையும் எத்தனை அலுமினிய அணுக்களோடு பிணைந்த ஹைட்ராக்சில் என்று ஐந்து வகையாகப் பிரித்த மாதிரியை 1978-இல் நோட்சிங்கரும், பின்னாளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநரான பால் ரத்னசாமியும் முன்வைத்தார்கள். பிற்காலக் குவாண்டம் கணக்கீடுகள் அந்த ஒதுக்கீடுகள் சிலவற்றைத் திருத்தியிருக்கின்றன. ஆனாலும் வைவாவுக்குப் போகும் ஒருவர் அந்த மாதிரியைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது. 1630 அருகே பட்டை மிச்சமிருந்தால் இரண்டு வாய்ப்புகள்: தண்ணீர் போகவில்லை, அல்லது அது சிலிக்கா சட்டகத்தின் மேற்சுரம் (அடிப்படை அதிர்வின் மடங்கில் வரும் பட்டை). 1875-லும் 1990-லும் பட்டைகள் கூடவே இருந்தால் இரண்டாவது. சூட்டுக்கு அசையாத இந்த இரு பட்டைகளைக் கொண்டு வெவ்வேறு வில்லைகளின் தடிமனை ஒப்பிட்டுச் சரிசெய்யலாம்.

பிரிடின் புட்டியிலிருந்து நேராக வரக் கூடாது. உலர்த்திய மூலக்கூறு சல்லடையின் மேல் வைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்ப் செய்து, உருகவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். தண்ணீர் கலந்த பிரிடின் வெறும் சுத்தக் குறைவு மட்டுமல்ல. சல்பேட் ஏற்றிய சிர்கோனியாவில் தண்ணீர் லூயிஸ் மையத்தைப் பிரான்ஸ்டெட்டாக மாற்றும். அப்போது நிறமாலை காட்டும் விகிதம் உங்கள் பிரிடின் புட்டியைப் பொறுத்ததாகிவிடும். 150 டிகிரியில் சில மில்லிபார் பிரிடின் ஆவியைப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு அதே வெப்பநிலையில் அரை மணி நேரம் பம்ப் செய்தால், மேலோட்டமாக ஒட்டியதும் ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்பதும் போய்விடும். அடுத்து 250, 350, 450 என்று படிப்படியாக ஏற்றி ஒவ்வொன்றிலும் நிறமாலை எடுத்தால் வலிமை வரிசை கிடைக்கும். பிரிதிறன் 4 செ.மீ⁻¹, 64 அல்லது 128 ஸ்கேன் போதுமானது.

கழித்தல் நிறமாலையில் ஒரு கண்டிப்பு வேண்டும். பிரிடின் ஏற்றியது எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டதோ, அதே வெப்பநிலையில் அளந்த வெறும் வில்லையைத்தான் கழிக்க வேண்டும். சூடு ஏறினால் ஹைட்ராக்சில் பட்டை இடம்பெயர்ந்து அகலும். வேறு வெப்பநிலையில் எடுத்ததைக் கழித்தால் மேலும் கீழுமாக ஒரு பொய் பீக் எழும். அடுத்த எதிரி காற்றிலுள்ள நீராவி. அதன் கூரிய கோடுகள் 1400-இலிருந்து 1900 வரை நிரம்பிக் கிடக்கும், சிறிய 1545 பீக்கின் மேலேயே வந்து உட்காரும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் உலர் காற்றோ நைட்ரஜனோ செலுத்தாமல் இந்த அளவீட்டைச் செய்வது வீண். செல்லுக்குப் பொட்டாசியம் புரோமைடு ஜன்னல் போட்டிருந்தால் அதுவும் மங்கும். பிரிடினுக்கு 1400-க்குக் கீழே போக வேண்டியதில்லை என்பதால் கால்சியம் ஃபுளூரைடு ஜன்னல் நல்ல தேர்வு.

எதைப் பார்த்து என்ன சொல்வது? 1540–1545, கூடவே 1638: புரோட்டான் ஏற்ற பிரிடினியம். 1447–1456, கூடவே 1610–1625: லூயிஸ் மையத்தோடு நேரடிப் பிணைப்பு. 1490-இல் இரண்டும் சேர்ந்து வரும், ஆகவே அளவுக்கு அதை எடுக்கக் கூடாது. பொறி இருப்பது 1440–1446 பகுதியில். சிலனாலோடு ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கும் பிரிடின் அங்கே வரும், 1596-இல் துணையும் இருக்கும். சோடியம் சியோலைட்டில் சோடியம் அயனியோடு சேர்ந்ததும் 1442 பக்கம் வரும். இவற்றை லூயிஸ் என்று கூட்டிக் கணக்கிட்ட ஆய்வேடுகள் குறைவில்லை. தப்பிக்க எளிய வழி, உங்கள் மாதிரிக்கு முன்னால் இரண்டு சோதனை மாதிரிகளை ஓட்டுவது. சுத்தமான சிலிக்காவில் 150 டிகிரி பம்புக்குப் பின் ஒன்றும் மிஞ்சக் கூடாது. சுத்தமான காமா அலுமினாவில் லூயிஸ் பட்டைகள் பலமாக இருக்க வேண்டும், 1545-இல் ஒன்றும் வரக் கூடாது. அதன் ஹைட்ராக்சில்களுக்குப் பிரிடினைப் புரோட்டானேற்றும் வலிமை இல்லை. வந்தால் சல்பேட் அல்லது சிலிக்கா கலந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு வாரம் இதற்குச் செலவானாலும் அது நல்ல செலவு.

பிரான்ஸ்டெட்டையும் லூயிஸையும் பிரிடினால் பிரித்துக் காட்டும் முறையை 1963-இல் பேரி வெளியிட்டார். அளவுக்கு இன்றும் அதிகம் எடுத்தாளப்படுவது 1993-இல் எமைஸ் தந்த குணகங்கள்: பிரான்ஸ்டெட்டுக்கு மைக்ரோமோலுக்கு 1.67 செ.மீ., லூயிஸுக்கு 2.22. பீக்கின் பரப்பை வில்லையின் ஆரத்தின் வர்க்கத்தால் (செ.மீ.) பெருக்கி, அதை 1.88-ஆல் பெருக்கி, எடையால் (மி.கி.) வகுத்தால் கிராமுக்கு எத்தனை மில்லிமோல் பிரான்ஸ்டெட் மையம் என்று வரும். லூயிஸுக்கு 1.88-க்குப் பதில் 1.42. உதாரணத்துக்கு, 13 மி.மீ. வில்லை, உலர் எடை 15 மி.கி., 1545-இன் பரப்பு 3.2, 1450-இன் பரப்பு 1.5 என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தின் வர்க்கம் 0.4225. பிரான்ஸ்டெட் 0.169, லூயிஸ் 0.060 மில்லிமோல். விட்டத்தை ஆரம் என்று போட்டு நான்கு மடங்கு விடை எழுதுபவர்கள் உண்டு. அதனால் உடனே ஒரு சரிபார்ப்பு: சிலிக்கான்–அலுமினிய விகிதம் 50 என்றால் ஒரு கிராமில் மொத்த அலுமினியமே ஏறத்தாழ 0.33 மில்லிமோல். பிரான்ஸ்டெட் மையங்கள் அதைத் தாண்டினால் கணக்கில் பிழை. வேறு ஆய்வாளர்கள் வேறு குணகங்கள் தந்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் எல்லா மாதிரிக்கும் அதையே எடுங்கள், ஆய்வேட்டில் எண்ணோடு எழுதுங்கள்.

பிரிடின் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடோடு ஒப்பிட்டால் அது வலிய காரம். சுமாரான அமிலத்தையும் நல்ல அமிலத்தையும் ஒரே மாதிரி புரோட்டானேற்றம் ஆக்கிக் காட்டும். வலிமையை நுட்பமாக ஒப்பிட திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு ஏற்றுங்கள். 2175-இல் பிரான்ஸ்டெட், 2157-இல் சிலனால், 2180-க்கு மேல் லூயிஸ் அலுமினியம், 2140 பக்கம் வெறுமனே தேங்கியது. இதைவிட முக்கியமான அளவு ஹைட்ராக்சிலின் இடப்பெயர்ச்சி: சிலனால் 90 செ.மீ⁻¹ அளவே இறங்கும், எச்-இசட்எஸ்எம்-5-இன் பால ஹைட்ராக்சில் 300-க்கும் மேல் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வலிய அமிலம்.

இரண்டாவது, உருவ அளவு. எஸ்எஸ்இசட்-13 போன்ற எட்டு வளைய சியோலைட்டின் வாயில் 0.38 நானோமீட்டர். பிரிடின் அதில் நுழையாது. 1545 பீக் சிறிதாக இருப்பதைக் கண்டு "அமிலத்தன்மை குறைவு" என்று எழுதினால் தேர்வாளர் அந்த இடத்திலேயே நிறுத்துவார். அங்கே அம்மோனியா ஏற்றுங்கள். இதே குறையை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம்: இசட்எஸ்எம்-5-இன் துளைக்குள் போக முடியாத 2,6-டை-டெர்ட்-பியூட்டைல்பிரிடினை ஏற்றினால் வெளிப்பரப்பிலும் துளை வாயிலிலும் உள்ள பிரான்ஸ்டெட் மையங்கள் மட்டும் தெரியும்.

வில்லையே நிற்காத மாதிரிக்கு டிரிஃப்ட்ஸ் (தூளில் சிதறித் திரும்பும் அகச்சிவப்பை அளக்கும் முறை) உதவும். தூளை அப்படியே கிண்ணத்தில் நிரப்பலாம். ஆனால் தெர்மோகப்பிள் காட்டும் வெப்பநிலை கிண்ணத்தின் உள்ளே இருப்பது. கதிர் பார்க்கும் மேல் அடுக்கு அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஒளி எவ்வளவு தூரம் உள்ளே போய்த் திரும்புகிறது என்பதும் மாதிரிக்கு மாதிரி மாறும். ஆகவே மேலே சொன்ன 1.88, 1.42 எண்களை டிரிஃப்ட்ஸ் பரப்பில் போட்டு மில்லிமோல் கணக்கிடக் கூடாது. ஒரே மாதிரியின் பட்டைகள் சூட்டில் எப்படி மாறுகின்றன என்பதை மட்டும் அதில் படியுங்கள்.