நாலாவது குவார்ட்டர்: ஒரு நைனர்ஸ் ரசிகனின் நாட்குறிப்பு

செப்டம்பர் 10, 2024

அமெரிக்க ஃபுட்பால் சீசன் தொடங்கியாச்சு. நேற்று இரவு நம் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸ் அணியின் சொந்த மைதானமான லீவைஸ் ஸ்டேடியத்தில் நியூயார்க் ஜெட்ஸை 32-19 என்று சாய்த்தோம். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆடமாட்டார் என்பது ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் தெரிந்தது. போன சீசனில் பந்தோடு 1,459 யார்டு ஓடி, லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். கெண்டைக்காலிலும் குதிகால் பக்கத்திலும் பிரச்சினையாம். பதிலுக்கு இறங்கிய ஜோர்டன் மேசன் 147 யார்டு ஓடித் தள்ளிவிட்டார்.

பிப்ரவரியில் லாஸ் வேகஸில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஓவர்டைமில் 25-22 என்று கான்சஸ் சிட்டியிடம் கொடுத்துவிட்டு வந்த அணி இது. அதே ஆட்கள், அதே கோச் கைல் ஷனஹான். இந்த வருஷம் விடமாட்டார்கள் என்று சாண்டா கிளாராவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மளிகைக்கடை க்யூவில்கூட இதே பேச்சு.

செப்டம்பர் 22

லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸிடம் 27-24 தோல்வி. எழுதவே பிடிக்கவில்லை.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நாலாவது குவார்ட்டரில் 24-14 என்று முன்னிலை. ஜவான் ஜென்னிங்ஸ் என்ன ஆட்டம் ஆடினார்! 175 யார்டு, மூன்று டச்டவுன், அதாவது மூன்று முறை பந்தோடு கோல் கோட்டைத் தாண்டினார். ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன செய்யமுடியும்? அப்புறம் கிக்கர் ஜேக் மூடி 55 யார்டு தூரத்திலிருந்து அடித்த ஃபீல்ட் கோல், கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயின்ட் எடுப்பது, வெளியே போனது. ராம்ஸ் சமன் செய்தார்கள். நாம் பன்ட் அடிக்க, அதாவது பந்தைத் தூர உதைத்து அவர்களுக்குக் கொடுக்க, அதை அவர்கள் ஆள் தூக்கிக்கொண்டு நம் பக்கம் ஓடிவந்தார். கடைசி நொடிகளில் ஃபீல்ட் கோல். முடிந்தது கதை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நைனர்ஸின் பழைய மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க் காலத்து ரசிகர், அந்தக் காலத்து நட்சத்திரம் ஜோ மொன்டானா ஆடியதை நேரில் பார்த்தவர். "மெக்காஃப்ரி இல்லை, டீபோ இல்லை, கிட்டில் இல்லை. காயத்தோடு எப்படித் தம்பி ஜெயிப்பது?" என்றார். 10 பாயின்ட் முன்னிலை எடுத்ததும் அந்த மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் இல்லாத அணிதானே சார் என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 6

ஸ்டேடியத்துக்கே போயிருந்தேன். கிழக்குப் பக்க இருக்கையில் மதியம் முழுக்க வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதே டிக்கெட், விலை குறைவு என்பதால்.

அரிசோனாவுக்கு எதிராக முதல் பாதியில் 23-10. இரண்டாம் பாதியில் நாம் எடுத்தது பூஜ்யம். அவ்வளவுதான், 24-23 என்று தோல்வி.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கிக் அடித்த பந்தை எதிரணி ஆள் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது, அவரைத் தடுக்கப் போன மூடிக்குக் கணுக்கால் போய்விட்டது. கிக்கர் ஆட்களைப் பிடித்து இழுக்கும் வேலைக்கு வந்தவர் இல்லை. மற்ற பத்துப் பேரும் கோட்டை விட்டால்தான் அவர் அந்த வேலைக்கே போகவேண்டி வரும். கிக்கர் போனதும் ஃபீல்ட் கோல் அடிக்கவேண்டிய இடங்களில் ஷனஹானுக்கு வழி இல்லை. கடைசி வாய்ப்பான நாலாவது முயற்சியில் துணிந்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் கோல் கோட்டுக்குக் கிட்டே போய் மேசன் பந்தை நழுவவிட்டார். அரிசோனா அதை எடுத்துக்கொண்டு போய் ஃபீல்ட் கோலாக மாற்றிவிட்டது.

தோல்வியைக் காயத்தின் மேல் போடலாம்தான். ஆனால் அந்தக் காயம் எங்கிருந்து வந்தது? ஸ்பெஷல் டீம்ஸ் என்று சொல்கிற, பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் அந்தச் சின்னப் படையின் ஓட்டையிலிருந்து. இதைத்தான் நான் செப்டம்பரிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன், வீட்டில் கேட்பார் இல்லை.

அக்டோபர் 11

சியாட்டிலில் 36-24 வெற்றி. டீபோ சாமுவேலின் 76 யார்டு டச்டவுனை மட்டும் மறுபடி மறுபடி பார்த்தேன்.

அக்டோபர் 20

கான்சஸ் சிட்டி இங்கே வந்தது. சூப்பர் பவுலுக்குப் பழி வாங்குவோம் என்று டிவியில் ஒரே முழக்கம். 28-18 என்று தோற்றோம், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நம் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி மூன்று முறை பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். அதைவிடப் பெரிய அடி, பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் பிராண்டன் அயூக்கின் முழங்கால். ஆகஸ்ட் கடைசியில்தான் 120 மில்லியன் டாலர் ஒப்பந்தம், இழுபறிக்குப் பிறகு. சீசன் அவருக்கு முடிந்துவிட்டது.

அக்டோபர் 31

நம் தற்காப்பு ஆட்டக்காரர் சார்வேரியஸ் வார்டின் மகள், இரண்டு வயது நிறையாத குழந்தை, இறந்துவிட்டாள். இன்று ஆட்டத்தைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை.

நவம்பர் 10

டாம்பாவில் 23-20. மெக்காஃப்ரி திரும்பிவிட்டார்! காயம் ஆறி வந்த மூடி மூன்று ஃபீல்ட் கோல்களைத் தவறவிட்டார். கடுப்பான டீபோ ஓரத்தில் போய் ஏதோ சொல்ல, பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்கும் டேபர் பெப்பர் குறுக்கே வர, அவர்களுக்குள் தள்ளுமுள்ளு. நேரம் முடியும் அந்த நொடியில் 44 யார்டிலிருந்து அதே மூடி அடித்து ஜெயிக்கவைத்தார். ஜெயித்த அணி மாதிரியே இல்லை யாரும்.

நவம்பர் 17

மறுபடியும். 17-13 என்று முன்னிலை, இரண்டரை நிமிஷ ஆட்டம் பாக்கி, சியாட்டில் 80 யார்டு வந்தாக வேண்டும். வந்தார்கள். 12 நொடி மிச்சம் இருக்கும்போது ஜீனோ ஸ்மித், ஓடுவதற்குப் பேர்போன குவார்ட்டர்பேக்கும் இல்லை, 13 யார்டு தானே ஓடி உள்ளே போய்விட்டார். கடைசி ஓவரில் பத்து ரன் எடுக்கவிடாமல் தடுக்கத் தெரியாத பவுலிங் போல இருக்கிறது இந்தத் தற்காப்பு. தற்காப்பு ஆட்டக்காரர் நிக் போசா வேறு பாதியில் காயத்தோடு வெளியேறியிருந்தார்.

ராம்ஸ், அரிசோனா, சியாட்டில். மூன்றும் நம் டிவிஷன், அதாவது நம்மோடு சேர்த்து நாலு அணிகள் உள்ள குழு, அணிகள். மூன்றிடமும் கையில் இருந்த ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறோம். இந்த மூன்றை ஜெயித்திருந்தால் இன்றைக்கு டிவிஷன் பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

டிசம்பர் 1

போன வாரம் பர்டி, போசா, ட்ரென்ட் வில்லியம்ஸ் யாரும் இல்லாமல் கிரீன் பேயில் 38-10 தோல்வி. இன்று பஃபலோவில் பனி கொட்டக் கொட்ட 35-10, அதுவும் தோல்வி. அவர்கள் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பந்தை எறிந்து, அதைப் பிடித்தவர் அவருக்கே திருப்பித் தர, தானே ஓடி டச்டவுன் போட்டார். எரிச்சலோடு ரசித்தேன். மெக்காஃப்ரிக்கு இப்போது முழங்கால். மேசனுக்குக் கணுக்கால். பெரியவர் இன்று கூப்பிட்டு, "நான் சொன்னது சரிதானே?" என்றார். இந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன்.

டிசம்பர் 13

நேற்று இரவு ராம்ஸ், மழை, 12-6 தோல்வி. இரு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை.

ஆனால் இந்தச் சீசனில் எனக்கு ஞாபகம் இருக்கப்போகும் ஆட்டம் இதுதான். நம் தற்காப்பு ஆட்டக்காரர் டிரே கிரீன்லா சூப்பர் பவுலில் மைதானத்துக்குள் ஓடிப்போகும்போதே குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தவர். பத்து மாதம் கழித்து நேற்றுதான் திரும்பி வந்தார். வந்த வேகத்தைப் பார்த்தால் ஒரு நாள்கூட வெளியே இருந்தவர் மாதிரி தெரியவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் அவரால் தொடர முடியவில்லை. அத்தனை வாரமும் அந்த இடத்தில் ஆடிய டெவோண்ட்ரே கேம்பலைக் கூப்பிட்டார்கள். அவர் ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இடத்தைப் பறித்த கோபம் இருக்கலாம், புரிகிறது. ஆனால் அந்த இடத்துக்கு வர ஒருத்தர் பத்து மாதம் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் இவர். என்னால் மன்னிக்க முடியவில்லை. என் மனைவி, "ஆபீஸில் நீங்கள் இப்படிச் செய்ததே இல்லையா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 22

மயாமியில் 29-17 தோல்வி. பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்று, போச்சு.

ஜனவரி 6, 2025

டெட்ராய்ட்டிடம் 40-34, நேற்று அரிசோனாவிடம் 47-24. மொத்தம் 6 வெற்றி, 11 தோல்வி. டிவிஷனில் கடைசி. டிவிஷனுக்குள் ஆடிய ஆறில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. போன சீசனில் 12-5.

தற்காப்பு ஆட்டக்காரர் ஃபிரெட் வார்னர் செப்டம்பர் கடைசியிலிருந்தே கணுக்கால் எலும்பு முறிவோடு ஆடியிருக்கிறார் என்பது இப்போது தெரியவருகிறது. ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை மனிதர். அக்டோபருக்குப் பிறகு ஏன் ஒரு எட்டு தாமதமாகவே வந்தார் என்று நான் முணுமுணுத்த ஆட்டங்களெல்லாம் அந்தக் காலோடு ஆடியவை.

ஜனவரி 25

ஸ்பெஷல் டீம்ஸ் கோச் பிரையன் ஷ்னைடரை இந்த மாதத் தொடக்கத்திலேயே அனுப்பிவிட்டார்கள். நியாயம்தான். இப்போது தற்காப்புக்கு ராபர்ட் சாலே திரும்பி வருகிறார். 2019-ல் சூப்பர் பவுல் வரை போன அணியின் தற்காப்பைக் கட்டியவர், அக்டோபரில் ஜெட்ஸ் தலைமைக் கோச் வேலையிலிருந்து அவரை நீக்கியவர்களுக்கு நன்றி. அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் நமக்கு 11-வது இடம். பர்டிக்குப் புது ஒப்பந்தம் எவ்வளவு என்று எல்லோரும் அதையே பேசுகிறார்கள். 2022-ல் 262 பேரில் கடைசியாக எடுத்த பையன், இப்போது கொடுக்கத்தான் வேண்டும். என் கவலை கிக்கரைப் பற்றி. பெரியவரிடம் சொன்னேன். "முதலில் நல்ல டாக்டரைப் பிடிக்கச் சொல் தம்பி" என்றார்.