கட் ஆஃப் சுவிட்ச் வேலையும் மூன்று முறை அடித்த லக்கும்

பத்து நாள் கரையில் கிடந்த படகு இன்று காலை சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது. மீட்டரில் 12.6 வோல்ட். போன மாதம் இதே பேட்டரி இரண்டு வாரத்தில் படுத்துவிட்டது. தூத்துக்குடிக் கரையில் நாலு பேர் வேடிக்கை பார்க்க, கயிற்றைச் சுற்றி இழுத்து இன்ஜினைக் கிளப்பியவன் நான்.

திருடன் யார் என்று பார்க்க மீட்டரைத் தொடரில் மாட்டினேன். எல்லாம் அணைந்திருந்தும் 90 மில்லி ஆம்பியர் ஓடியது. ரேடியோவின் நினைவகம் கொஞ்சம், போன் சார்ஜர் சாக்கெட்டில் அழகுக்கு எரியும் நீல விளக்கு கொஞ்சம். 14 நாளில் 30 ஆம்பியர் மணி காலி. என் பேட்டரியே 60தான்.

இந்தக் கசிவை நிறுத்தத்தான் பேட்டரியைத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்ச் ஒன்று போட்டேன். இன்ஜின் கேபிளை மட்டும் சுவிட்சுக்குக் கொண்டுபோகவில்லை. ஓடும்போது யாராவது தெரியாமல் அணைத்தால், இன்ஜினின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபயர் போய்விடும். அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கும் தனி ஃபியூஸ் போட்டு நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டேன். நான் வீட்டில் தூங்கும்போதும் அதன் மிதவை வேலை செய்ய வேண்டும். அணியத்து (படகின் முன்பக்க) விளக்குகள், மீன் காட்டும் கருவி, ரேடியோ, சாக்கெட் இவை மட்டும் சுவிட்சின் வழியே. பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் முதன்மை ஃபியூஸ், அதன் பிறகு சுவிட்ச்.

இவ்வளவும் ஒரு மதிய வேலை. அதன் பிறகு லக், அதாவது வயர் முனையில் மாட்டும் செம்புக் காது, என்னைப் பிடித்துக்கொண்டது.

16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயருக்கு 16 லக் கடையில் இல்லை. 25 இருக்கிறது, வயரை மடக்கிச் சொருகி அடித்தால் நிற்கும் என்றார் கடை அண்ணாச்சி. நானும் தலையாட்டிவிட்டு வந்து சுத்தியலால் அடித்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லா விளக்கையும் போட்டு, 9 ஆம்பியர் ஓடும்போது லக்கின் மேலும் வயரிலும் மீட்டர் முனைகளை வைத்தால் 0.38 வோல்ட்! அந்த ஓர் இணைப்பிலேயே மூன்றரை வாட் வெப்பமாகப் போகிறது. விரல் வைத்தால் வெதுவெதுப்பு. கொஞ்சம் பலமாக இழுத்ததும் வயர் கையோடு வந்துவிட்டது.

இரண்டாவது முறை ஈயம் ஊற்றினேன். மீட்டர் மெச்சியது, எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி நின்ற இடத்தில் வயர் கம்பியைப் போல விறைத்திருந்தது. படகின் அதிர்வில் சரியாக அந்த எல்லையில்தான் அது முறியும். வெட்டி எறிந்தேன்.

மூன்றாவது முறை சரியான 16 லக்கும், நண்பரிடம் இரவல் வாங்கிய, லக்கை வயரோடு அழுத்தி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியும். ஒரு லக்கைப் பலி கொடுத்து, அடித்த இடத்தை ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். இழை தனியாகத் தெரியவில்லை, ஒரே செம்புத் துண்டு. சுத்தியலால் அடித்த பழையதையும் அறுத்தேன்: இழைகளுக்கு நடுவே ஊசி நுழையும் சந்துகள். உப்புக் காற்று அந்தச் சந்துக்குள் புகுந்தால் ஒரே மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். புதிய லக்கில் 0.01 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. சூடுபட்டால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப்பைப் போட்டு, ஓரத்தில் பசை பிதுங்கும்வரை சுட்டேன்.

சுவிட்ச் பற்றியும் ஒன்று. லாரி உதிரிபாகக் கடையில் சிவப்புச் சாவியோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் அதைத்தான் வாங்கினேன். திறந்து பார்த்தால் தண்ணீர் புகாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். அடைப்பில்லாத, பொறி பறக்கும் சாமானை அங்கே வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அது இப்போது மேசை இழுப்பறையில் தூங்குகிறது. படகுக்கென்றே செய்த சுவிட்ச் மூன்று மடங்கு விலை. அமரத்தில் (படகின் பின்பக்கம்), பெட்ரோல் டாங்கிலிருந்து தள்ளி, முழங்கால் உயரத்தில் பொருத்தியிருக்கிறேன்.

அடுத்து 50 வாட் சூரியத் தகடு. அதன் வயரைச் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரிப் பக்கமே தர வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்சை அணைத்த நாளெல்லாம் சார்ஜ் ஏறாது. தகட்டுக்கு அளவெடுத்து, தாங்கு சட்டத்துக்கு அலுமினியக் குழாயும் வாங்கியாகிவிட்டது. ஃபியூஸ் பெட்டிக்குத்தான் இன்னும் மூடி போடவில்லை. இப்போதைக்கு ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.